குறித்துவக்கு: அசைவும் அசையாமையும்

துரோணர் தம் மாணாக்கரின் வில்லாண்மையைச் சோதித்த வரலாற்றைப் பத்தாந் தர வகுப்பிலே யாம் ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தோம். மரத்தின் உச்சியில் வைத்த பறவையைக் காட்டி, "என்ன தெரிகிறது?" என்று ஆசிரியர் வினாவ, ஏனையோர் மரத்தையும் கிளையையும் உடன் நின்றோரையும் கண்டதாகக் கூறினர். அருச்சுனன் ஒருவனே பறவையின் தலையன்றி வேறொன்றும் தெரியவில்லை என்றான். கதை முடிந்ததும் பின்வாங்கில் இருந்த மாணாக்கன் ஒருவன் எழுந்து, "சேர், சினைப்பர் அடிக்கிறவனும் அப்படித்தானே பார்ப்பான்? அந்தத் துவக்கு எப்படி வேலை செய்யுது?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. எமக்குச் சிரிப்பு வரவில்லை, மறுமொழியும் வரவில்லை.

அச்சொல்லை யாம் முதன்முதற் கேட்டது அவனிலும் இளைய வயதிலே. இந்நாட்டுப் போர் 2009 ஆம் ஆண்டில் ஓய்ந்தது. போர்க்காலத்திற் பிறந்து வளர்ந்த எம் தலைமுறையினர், அகராதியில் இல்லாத சொற்கள் பலவற்றைப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே கற்றுக்கொண்டனர். வெளியான தரவையைக் குறுக்கே கடவாதே என்று தடுத்த பெரியோர், 'சினைப்பர்' என்னும் ஒரு சொல்லையே காரணமாகக் கூறுவர். "சத்தம் கேட்டால் அது உனக்கில்லை" என்றும் சொல்லுவர். அதன் பொருள் அக்காலத்தில் எமக்கு விளங்கவில்லை. அச்சம் மாத்திரம் விளங்கிற்று. அஞ்சிய பொருளை ஆராய்ந்து அறிந்துகொள்ளுதல் கல்வியின் பயன்களுள் ஒன்றாகலின், மாணாக்கனுக்குக் கடன்பட்ட மறுமொழியை இவ்விழா மலரிலே இறுக்க முற்பட்டோம்.

சொல்லின் பிறப்பு

மாரிகாலத்தில் வடதிசையினின்றும் வந்து நம் வயல்களிலும் குளக்கரைகளிலும் இரைதேடும் உள்ளான் என்னும் பறவையை நம்மவர் அறிவர். அதன் நிறம் சேற்றின் நிறத்தையும் காய்ந்த புல்லின் நிறத்தையும் ஒத்தது. காலடி அணுகும்வரை அசையாதிருந்து, திடீரென மேலெழுந்து, இங்குமங்கும் வளைந்து பறந்துபோகும் இயல்பினது. ஆதலின் அதனைச் சுட்டு வீழ்த்துதல் எளிதன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவிலிருந்த ஆங்கிலேய இராணுவ உத்தியோகத்தர் இவ்வேட்டையைப் பெரும் பொழுதுபோக்காகக் கொண்டிருந்தனர். ஆங்கிலத்தில் அப்பறவைக்குச் 'சினைப்' என்று பெயர். அதனைச் சுடவல்லவன் 'சினைப்பர்' ஆனான். பறவை வேட்டைக்காரனைக் குறித்த இச்சொல், பின்னர் மறைந்திருந்து மனிதரைச் சுடுவோனுக்கு உரியதாயிற்று. நம்மூர் வழக்கிலோ சுடுவோனையும் அவன் கைத்துவக்கையும் ஒருங்கே இச்சொல் குறிக்கின்றது. இக்கட்டுரையில் யாம் சுடுவோனைக் குறிசுடுவோன் என்றும், அவன் கருவியைக் குறித்துவக்கு என்றும் வழங்குவோம்.

குறி தவறுதற்குக் காரணம்

துவக்கின் அமைப்பை அறியப் புகுவோர் முதலிற் சில உறுப்புக்களை அறிதல் வேண்டும். உலோகக் கோதும், அதனுள் அடைத்த மருந்தும், நுனியிற் பொருத்திய சன்னமும் சேர்ந்தது ரவை. மருந்து எரிந்து வாயுவாகிச் சன்னத்தைக் குழலினூடாகத் தள்ளுகின்றது. குழலின் உட்சுவரிலே திருகாணியின் மரைபோலச் சுற்றிச் செல்லும் பள்ளங்கள் உள. இவற்றைப் புரி என்பர். புரியினால் சன்னம் சுழன்றுகொண்டே வெளிப்படும். சுழலும் பம்பரம் சாயாது நிற்றல்போல, சுழலும் சன்னமும் முகந் திரும்பாது செல்லும். குழலின் பின்வாயை உருக்காலான பூட்டு ஒன்று அடைத்து நிற்கும். மருந்து எரியுங்கால் எழும் பேரமுக்கத்தைத் தாங்குவது இப்பூட்டேயாகும்.

இனி, குறி தவறுதல் எத்துணைச் சிறிய காரணத்தால் நிகழும் என்பதைக் கணக்கினாற் காண்போம். ஒரு பாகையை அறுபது பங்காக வகுத்து, அவற்றுள் ஒரு பங்கு அளவுக்குக் குழல் விலகியதென வைத்துக்கொள்வோம். கண்ணுக்குப் புலப்படாத இவ்விலகல் 100 மீற்றர் தூரத்தில் ஏறக்குறைய 3 சென்ரிமீற்றர் ஆகும். 600 மீற்றர் தூரத்தில் 17 சென்ரிமீற்றருக்கு மேற்படும். ஆகவே குறித்துவக்கிற்கு இன்றியமையாத பண்பு அசையாமை. சுடும்போது குழல் யாழ் நரம்புபோல் அதிர்கின்றது. அதிர்வை அறவே நீக்குதல் இயலாது. ஒவ்வொரு முறையும் ஒரே வகையாய் அதிரச் செய்தல் மாத்திரமே இயலும். குழலைத் தொட்டுக்கொண்டு நகரும் உறுப்புக்கள் எத்துணை மிகுமோ அத்துணைக்கு அவ்வொருமை கெடும்.

இக்காரணம் பற்றியே குறிசுடுவோர் நெடுங்காலம் கைப்பூட்டுத் துவக்கையே விரும்பினர். அதிலே ஒருமுறை சுட்டபின் கையாற் பூட்டைத் திருப்பி இழுத்து, வெற்றுக் கோதை வெளியேற்றி, மீளத் தள்ளி, அடுத்த ரவையை ஏற்றவேண்டும். சுடும் கணத்தில் அதனுள்ளே அசைவது மிகச் சிலவே. ஆயின் அவன் கை அசைகின்றது. கன்னம் துவக்கினின்றும் விலகுகின்றது. கண் குறியை இழக்கின்றது. சன்னம் எங்கே வீழ்ந்தது என்பதை அவன் காணுமுன் காட்சி மாறிவிடும்.

அரைத் தானியங்கித் துவக்கு இக்குறையை நீக்குவது. சன்னத்தைத் தள்ளிய வாயுவில் ஒரு சிறு பகுதியையோ, சுடும்போது பின்னோக்கி எழும் உதைப்பையோ பயன்படுத்தி, அது தன் பூட்டைத் தானே திறந்து, கோதை எறிந்து, அடுத்த ரவையை ஏற்றிக்கொள்ளும். சுடுவிசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு சன்னம். மறுபடியும் சுட மறுபடியும் அழுத்தவேண்டும். இதனாலேயே இது 'அரை'த் தானியங்கி எனப்பட்டது. சுடுவோன் அசையாதிருத்தற்பொருட்டுத் துவக்கு அசைகின்றது. துவக்கு அசைவதாற் குறி கெடுகின்றது. இம்முரண்பாட்டை எவ்வாறு தீர்ப்பது என்பதே இவ்வகைத் துவக்குகளை வகுத்தோர் அனைவர்க்கும் எதிர்ப்பட்ட வினா.

முதல் முயற்சிகள்

இரண்டாம் உலகப் போரிலே சோவியத்து நாட்டார், தொக்கரெவ் என்பார் வகுத்த 1940 ஆம் ஆண்டின் அரைத் தானியங்கித் துவக்குக்குத் தொலைநோக்கி பொருத்திக் குறிசுடுவோர்க்கு வழங்கினர். கீயேவ் பல்கலைக்கழகத்தில் வரலாறு பயின்ற மாணவியாகிய லுட்மிலா பவ்லிசென்கோ அதனோடு தோன்றும் நிழற்படங்கள் உலகெங்கும் பரவின. அவர் சுட்டு வீழ்த்தியோர் 309 பேர் என்பது சோவியத்து அரசின் கணக்கு. ஆயினும் அத்துவக்கின் சன்னங்கள் பழைய கைப்பூட்டுத் துவக்கின் சன்னங்களிலும் பரந்து வீழ்ந்தன. ஆதலின் 1942 ஆம் ஆண்டிலே அதன் குறித்துவக்கு வகை நிறுத்தப்பட்டு, பழையதே மீண்டும் கொள்ளப்பட்டது.

அமெரிக்கர் தம் காரண்ட் என்னும் துவக்கை இவ்வாறே மாற்றியமைத்தனர். அதற்கு வேறோர் இடையூறு நேர்ந்தது. எட்டு ரவைகளைக் கொண்ட கவ்வியை அத்துவக்கின் மேற்புறத்தே செருகவேண்டியிருந்தமையால், மேலே தொலைநோக்கி பொருத்த இடமில்லை. இடப்புறமாக ஒதுக்கிப் பொருத்தினர். அதனாற் சுடுவோன் கன்னத்தை வைத்தற்குத் தோலினாலான திண்டு ஒன்றையும் துவக்கிற் கட்டவேண்டியதாயிற்று. வேறொன்றற்காக ஆக்கிய துவக்கைக் குறித்துவக்காக மாற்றுவதில் உள்ள தொல்லைக்கு இது தக்க சான்று.

டிரகுனோவின் விடை

போர் முடிந்தபின், 1958 ஆம் ஆண்டளவில், தொடக்கத்திலிருந்தே குறித்துவக்காக வகுக்கப்பட்ட அரைத் தானியங்கி ஒன்று வேண்டுமெனச் சோவியத்து இராணுவம் கேட்டது. சிமொனொவ், கொன்ஸ்தந்தினொவ், டிரகுனோவ் என்னும் மூவர் போட்டியிட்டனர். 1963 ஆம் ஆண்டிலே டிரகுனோவின் துவக்கு ஏற்றுக்கொள்ளப்பட்டது.

யெவ்கேனி டிரகுனோவ் 1920 ஆம் ஆண்டிலே இஷெவ்ஸ்க் நகரில் துவக்குத் தொழிலாளர் குடும்பத்திற் பிறந்தவர். இராணுவத்திலே ஆயுதங்களைச் செப்பனிடும் பணி புரிந்து, போருக்குப்பின் பிறந்த ஊரின் தொழிற்சாலைக்கு மீண்டவர். விளையாட்டுப் போட்டிகளில் இலக்கைச் சுடுவோர்க்கான துவக்குகளை வகுத்துப் பெயர் பெற்றவர். கட்டையின் நடுவே பெருந்துளை விட்டுக் கட்டைவிரலை நுழைக்குமாறு அமைத்த தோட்கட்டை, அவ்விளையாட்டுத் துவக்குகளின் மரபிலிருந்து வந்ததே. பிடி தளர்வின்றி அமைய உதவிய அத்துளை, பாரத்தையும் குறைத்தது. தொலைநோக்கியோடு அத்துவக்கின் நிறை 4.3 கிலோகிறாம், நீளம் 1,225 மில்லிமீற்றர், குழல் மாத்திரம் 620 மில்லிமீற்றர். ரவைக்கூட்டிற் பத்து ரவைகள் அடங்கும்.

வெளித் தோற்றத்தில் இது அதே நகரத்திற் பணியாற்றிய கலாஷ்நிகோவின் துவக்கை ஒத்திருத்தலின், அதுவே நீண்டு இதுவாயிற்று என்று பலர் கருதுவர். உள்ளே பார்ப்பின் வேற்றுமை விளங்கும். இரண்டிலும் குழலிலுள்ள சிறு துளைவழியே வாயு மேலேறி ஒரு முசலத்தைப் பின்னே தள்ளுகின்றது. கலாஷ்நிகோவின் துவக்கிலே முசலமும் பூட்டைத் தாங்கும் பாரமான உறுப்பும் ஒன்றாய் இணைந்தவை. முழுப் பாரமும் நெடுந்தூரம் ஓடித் திரும்பும். சேற்றிலும் மணலிலும் தடையின்றி இயங்குதற்கு அது நன்று, குறிக்கு நன்றன்று. டிரகுனோவ் முசலத்தை வேறு பிரித்துச் சிறிதாகவும் இலேசாகவும் ஆக்கினார். அது சிறிது தூரமே நகர்ந்து, பூட்டுத்தாங்கியை ஒருமுறை உந்திவிட்டு நின்றுவிடும். உந்தப்பட்ட தாங்கி தன் வேகத்தால் மேலும் நகர்ந்தபின்னரே பூட்டைத் திருப்பித் திறக்கும். அதற்குள் சன்னம் குழலைவிட்டு நீங்கிவிடும். கலாஷ்நிகோவின் பூட்டில் இரண்டு பற்கள், இதிலோ மூன்று. மூன்று புறமும் ஒப்பப் பற்றுதலால் பூட்டு ஒருபாற் சாயாது. அசைவை விலக்க முடியாதவிடத்து, அதனைச் சிறிதாக்கியும் காலந் தாழ்த்தியும் அமைத்தமையே டிரகுனோவின் விடை என்க.

அவர் பயன்படுத்திய ரவையோ 1891 ஆம் ஆண்டிலே தோன்றியது. அதன் அடியிற் புடைத்த விளிம்பு ஒன்றுண்டு. அடுக்கும்போது ஒன்றன் விளிம்பு மற்றொன்றன் விளிம்பிற் சிக்குமாதலால், தானே ஏற்றும் துவக்குக்கு அது ஏற்றதன்று. ஆயினும் நாட்டிலே குவிந்திருந்த ரவைகளையும் அவற்றைச் செய்யும் தொழிற்சாலைகளையும் கைவிட இராணுவம் விரும்பவில்லை. இக்குறையிலும் ஒரு பயன் விளைந்தது. துவக்கினுள் அழுக்கேறி இயக்கம் தளர்ந்தால், வாயுவின் அளவைக் கூட்டும் திருகு ஒன்றுண்டு. வேறு கருவியின்றி அந்த ரவையின் விளிம்பைக்கொண்டே அதனைத் திருப்பலாம்.

பின்னரும் விட்டுக்கொடுப்புக்கள் நிகழ்ந்தன. தொடக்கத்தில் புரி ஒருமுறை சுற்றிவர 320 மில்லிமீற்றர் நீளம் எடுத்தது. 1975 ஆம் ஆண்டிலே கவசந் துளைக்கும் சன்னங்களையும் உறுதியாகச் செலுத்தும்பொருட்டு அதனை 240 மில்லிமீற்றராக்கினர். பலவகைச் சன்னங்கட்கும் துவக்குப் பொருந்திற்று. குறிக்கென்றே செய்த சன்னத்தின் துல்லியம் சிறிது குறைந்தது. இத்துவக்கின் முனையிலே கத்தி பூட்டும் இடமும் உண்டு என்றால் வியப்பாயிருக்கும். படைப்பிரிவினரோடு கூடவே சென்று, அவர் துவக்குகள் எட்டாத தூரத்தை எட்டுதலே இதனை ஏந்தியவன் கடமையாக வகுக்கப்பட்டது. தனியே நாட்கணக்கிற் பதுங்கியிருத்தல் அவன் தலையாய கடமையன்று.

பிறர் கண்ட விடைகள்

வியட்நாம் போரிலே அமெரிக்கர் தம் எம்14 துவக்கைத் தேர்ந்தெடுத்துச் செப்பஞ்செய்து, எக்ஸ்எம்21 என்னும் பெயரோடு 1969 ஆம் ஆண்டிற் களத்துக்கு அனுப்பினர். ஈரமிகுந்த அந்நாட்டிலே மரக்கட்டை பருத்துக் குழலை நெருக்குமாதலால், கட்டையிற் பிசினை ஊறவைத்து இறுக்கினர். பின்னர் 1988 ஆம் ஆண்டிலே அமெரிக்கத் தரைப்படை கைப்பூட்டுத் துவக்குக்கே திரும்பிற்று. 2007 ஆம் ஆண்டளவில் ஆப்கானிஸ்தானில் எம்110 என்னும் அரைத் தானியங்கி வழங்கப்பட்டது. ஒரே படை இருமுறை மனம் மாறியதிலிருந்து, இவ்வழக்கு இன்னும் முடிந்த தீர்ப்பைப் பெறவில்லை என்பது புலனாகும்.

ஜேர்மனியிலே வேறொரு விடை பிறந்தது. 1972 ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக் விளையாட்டின்போது இஸ்ரவேல் அணியினர் பதினொருவர் கொல்லப்பட்ட துயர நிகழ்ச்சியிலே, மீட்க முனைந்த பொலிசாரிடம் தகுந்த குறித்துவக்குகள் இருக்கவில்லை. அதன்பின் எக்லர் அண்டு கொக் கம்பனியார் பொலிசாரின்பொருட்டுப் பீஎஸ்ஜி1 என்னும் துவக்கை ஆக்கினர். அதில் வாயுத்துளையும் முசலமும் இல்லை. பூட்டின் இருமருங்கும் அமைந்த உருளைகள் அது திறப்பதைத் தாமதிக்கச் செய்யும். தடித்த குழலோடு கூடிய அதன் நிறை ஏறக்குறைய எட்டுக் கிலோகிறாம், அதாவது டிரகுனோவின் துவக்கைப்போல் இருமடங்குக்குச் சற்றே குறைவு. ஓரிடத்திற் கிடந்து சுடும் பொலிசார்க்கு அது பொருந்தும். நடந்து திரியும் படைவீரன் தோளுக்குப் பொருந்தாது.

கண்ணாடியும் ஓசையும்

டிரகுனோவின் துவக்கோடு வந்த தொலைநோக்கி பொருளை நான்கு மடங்கு பெரிதாகக் காட்டும். அதனூடாகத் தெரியும் வெளியின் அகலம் ஆறு பாகை. இருட்டிலே குறிக்கோடுகள் ஒளிரும்பொருட்டுச் சிறு விளக்கும் அதனுள் உண்டு. கண்ணாடியின் கீழ்ப்புறத்தில் ஒரு நேர்கோடும், அதன்மேல் வளைந்து இறங்கும் மற்றொரு கோடும், வளைகோட்டின்மேல் எண்களும் பொறிக்கப்பட்டுள. எதிரே நிற்கும் மனிதனின் பாதம் நேர்கோட்டிலும் உச்சி வளைகோட்டிலும் படுமாறு பொருத்தினால், அவ்விடத்து எண்ணிலிருந்து தூரம் தெரியும். இதற்கென அவர்கள் கொண்ட மனித உயரம் 1.7 மீற்றர். அமெரிக்கர் வியட்நாமிற் பயன்படுத்திய தொலைநோக்கியிலே இடுப்புப்பட்டி முதல் தலையுச்சிவரை 30 அங்குலம் என்பது அளவு. நாடுகள் பகைத்தன; அளவுகோல் ஒன்றே.

இனிப் பெரியோர் சொன்ன வார்த்தையின் பொருளைக் காண்போம். டிரகுனோவின் துவக்கிலிருந்து சன்னம் செக்கனுக்கு 830 மீற்றர் வேகத்தோடு புறப்படும். காற்று அதனைத் தடுத்தலால் வேகம் குறையினும், 600 மீற்றரைக் கடக்க அதற்கு ஏறத்தாழ ஒரு செக்கனே செல்லும். ஒலியோ செக்கனுக்கு 340 மீற்றர் செல்வது; அத்தூரத்தைக் கடக்க ஒன்றே முக்கால் செக்கன் வேண்டும். ஆகவே வெடியோசை வந்து சேருமுன் சன்னம் வந்து சேர்ந்துவிடும். ஓசையைக் கேட்டவன் பிழைத்தவன். பௌதிகம் கற்காத பெரியோர், கேட்டவரையும் கேளாதவரையும் கண்டு இவ்வுண்மையை அறிந்திருந்தனர்.

மாணாக்கனுக்கு

ஆக, அந்த மாணாக்கனுக்கு யாம் கூறுவது இது. நீ கேட்ட துவக்கின் உறுப்பு ஒவ்வொன்றும், அதனை ஏந்துவோன் வேறெதனையும் பாராதிருத்தற்கென்றே அமைந்தது. முசலம் சிறிதானதும், பூட்டுத் தாமதித்துத் திறப்பதும், கன்னம் நகராது கண் கண்ணாடியிலேயே ஒன்றியிருப்பதற்காக. அருச்சுனனைப்போலத்தானே பார்ப்பான் என்றாய். ஆம், அவ்வளவிற்கு நீ சொன்னது சரி. ஆயின் துரோணர் வைத்தது கம்மியர் செய்த செயற்கைப் பறவை. இக்கண்ணாடியிற் பொறித்த அளவோ 1.7 மீற்றர். அது பறவையின் அளவன்று. உன் தந்தையின் உயரமாகலாம், சில ஆண்டுகளில் உன் உயரமும் ஆகலாம்.

விளையாட்டுத் துவக்குச் செய்த கையே அதனையும் செய்தது. அக்கைத்திறத்தை யாம் இகழவில்லை. ஒன்றில் மனத்தை நிறுத்துங்கள் என்று நாடோறும் உங்களுக்குச் சொல்பவர்களும் யாமே. ஆயினும் அன்று துரோணரிடம் மரத்தையும் கிளையையும் சுற்றி நின்றோரையும் கண்டேம் என்று சொல்லித் தோற்றார்களே, அவர்களைப் பற்றி ஆண்டுதோறும் சிரித்துக்கொண்டே பாடஞ் சொல்லிவந்தோம். அவர்கள் கண்டதும் உண்மையே. ஆறு பாகைக்கு அப்பால் முந்நூற்றைம்பத்து நான்கு பாகை உலகம் இருக்கின்றது. தரவையும், அதனைக் கடக்க அஞ்சி நின்ற சிறுவனும் அங்கேதான் இருந்தனர். இவ்வாண்டு அக்கதையைச் சொல்லும்போது, தோற்றவர்களுக்கும் சிறிது நேரம் ஒதுக்குவோம்.